கேலரி அப்புறம் கட்டலாம், முதலில் கபடி மேட் விரிப்பை வெளியே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் கல்லூரி வாலிபால் அணியில் ஆடியவன், இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பவன். என் மகள் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கபடி அணியில் ரைடர். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. அவள் இன்னும் ஒன்றரை வருடம் அங்கே படித்தாக வேண்டும், தவிர நான் எழுதப் போவது அந்த ஒரு கல்லூரியின் சங்கதி மட்டுமில்லை.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் ஒரு படம் காட்டினார்கள், கம்ப்யூட்டரில் வரைந்தது. எட்டு லேன் சிந்தடிக் டிராக், மூன்றாயிரம் பேர் உட்காரும் கேலரி, நான்கு மூலையிலும் ஃபிளட் லைட், பின்னால் ஏற்காடு மலை. நிஜத்தில் கல்லூரிக்கு எந்தப் பக்கத்தில் மலை இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் படத்தில் மலை இருந்தது, அது போகட்டும். தாளாளர் மைக்கைப் பிடித்து, "இனிமே நம்ம காலேஜ் ஆல் இந்தியா லெவல்ல ஆடணும்" என்றார். எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே 'விருப்ப நன்கொடை' என்று அச்சடித்திருந்தது, கீழே மாணவரின் ரோல் நம்பர் எழுத ஒரு கட்டம் இருந்தது. விருப்பத்துக்கு எதற்கு ரோல் நம்பர் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார், நான் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல கபடி கிரவுண்ட் எங்கப்பா?" என்றாள். தேடினேன், இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் கமிட்டி வருகிறது என்று இந்தக் கல்லூரியில் கபடி மேட் வாங்கினார்கள், சதுரம் சதுரமாகக் கோத்து விரிக்கிற நல்ல மேட்தான். கமிட்டி வந்த அன்று விரித்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் கழற்றி அடுக்கி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். கேட்டால் அழுக்காகிவிடும் என்று பதில். பிள்ளைகள் பயிற்சி எடுப்பது கேன்டீனுக்குப் பக்கத்துச் செம்மண்ணில். தினமும் காலை ஆறு மணிக்கு அவர்களே சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவார்கள், ஒன்பது மணிக்கு டூவீலர்கள் வந்து அந்தக் கோட்டின் மேல் நிற்கும். சுண்ணாம்புக் கரடு இருக்கிற ஊரில் பொடிக்குப் பஞ்சமில்லை என்று மகள் கிண்டல் செய்வாள்.

இந்த வருடம் இன்டர் காலேஜ் போட்டி நாமக்கல் பக்கம் நடந்தது. காலை நாலரைக்கு அவளைப் புது பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். மனசு கேட்காமல், பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் பின்னாலேயே வண்டியில் போனேன். போட்டி மேட் விரிப்பில். மண்ணில் வெறுங்காலோடு ஆடலாம், மேட்டில் ஷூ இல்லாமல் ஆடினால் தோல் உரிந்துவிடும். எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு பேரில் மூன்று பேரிடம்தான் கபடி ஷூ இருந்தது, மற்றவர்கள் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பெண்களுக்குப் பாதிக்குப் பதினைந்து நிமிடம், மொத்தம் அரை மணி நேர ஆட்டம். எதிரில் நின்ற அணி வேறு ரகம். அந்தக் கல்லூரி பள்ளி அளவிலேயே நேஷனல்ஸ் ஆடிய பிள்ளைகளுக்கு ஃபீஸ் வாங்காமல் சீட் கொடுத்து, ஹாஸ்டல் போட்டு, இரண்டு வேளையும் கோச் வைத்துத் தயார் செய்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் பிழைப்பு, ஒழுங்காகச் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் மூன்று லோனா வாங்கினார்கள், அதாவது மூன்று முறை அணி முழுவதும் அவுட். என் மகள் ரைடு போய்த் திரும்பும்போது கால் வழுக்கி, யாரும் தொடாமலேயே கீழே விழுந்து கிடந்ததை நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பத்தரை மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு மாதப் பயிற்சி, முப்பது நிமிட ஆட்டம், ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலம். முட்டைக்குப் பேர் போன நாமக்கல்லில் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு ஒரு அவித்த முட்டை இல்லை.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. தாளாளர் சொன்ன அந்த 'ஆல் இந்தியா லெவல்' என்றால் என்ன என்று அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

பெற்றோர் பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன். நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகள் பெரும்பாலும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டம், நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஜோன் தனி. கல்லூரி அணி ஆடக்கூடியது இந்த எல்லைக்குள்தான். அதற்கு மேல் போவது பல்கலைக்கழக அணி, பல கல்லூரியிலிருந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகள். அந்த அணி தென்மண்டலத்தில் ஆடி, முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இந்தப் போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 2020இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுக்கும் பல்கலைக்கழகம்தான் போகும், கல்லூரி போகாது. ஆக, ஒரு கல்லூரி எத்தனை கோடி போட்டு கேலரி கட்டினாலும் தன் பெயரில் ஆல் இந்தியா ஆட இந்த ஏணியில் படியே கிடையாது. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழக அணிக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். அதற்கு மூன்றாயிரம் நாற்காலி எதற்கு?

சரி, ஏணியின் கீழ்ப்படிக்கு வருவோம். எனக்கு உண்மையில் கோபம் அங்கேதான்.

எல்லாக் கல்லூரியையும் ஒரே குடத்தில் போட்டுச் சீட்டு எடுத்து நாக் அவுட் நடத்துகிறோம். முப்பத்திரண்டு அணி வந்தால் முதல் சுற்றிலேயே பதினாறு அணி வீட்டுக்குப் போய்விடும். பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ஆட்டம். அந்த ஒரு ஆட்டமும் முந்நூறு பிள்ளைகள் படிக்கிற கல்லூரிக்கும் ஐயாயிரம் பேர் படிக்கிற கல்லூரிக்கும் நடக்கும், இல்லாவிட்டால் ஹாஸ்டல் வைத்து ஆள் தயார் செய்கிற கல்லூரிக்கும் டூவீலர் ஸ்டாண்டில் பயிற்சி எடுக்கிற கல்லூரிக்கும் நடக்கும். இதில் யாருக்கு என்ன லாபம்? ஜெயித்த பிள்ளைகளுக்கும் அது ஆட்டமே இல்லை, வார்ம் அப்.

சென்னை லீக் கிரிக்கெட்டில் முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று அடுக்கடுக்காக இருக்கிறது, நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், சொதப்பினால் கீழே இறங்க வேண்டியதுதான். கல்லூரிகளுக்கு மட்டும் அது ஏன் கூடாது? பல்கலைக்கழகம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏ, பி என்று இரண்டு டிவிஷன் வைக்கட்டும். எந்த விளையாட்டில் எந்த டிவிஷன் என்பதைக் கல்லூரியே முதல் வருடம் எழுதிக் கொடுக்கட்டும், அடுத்த வருடத்திலிருந்து ஆட்டமே முடிவு செய்யட்டும். நாலு நாலு அணியாகப் பிரித்து லீக் வைத்தால் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. அதே முப்பத்திரண்டு அணிக்கு நாக் அவுட்டில் மொத்தம் 31 ஆட்டம், இதில் லீக்கில் மட்டும் 48. பதினேழு ஆட்டம் கூடுதல், அதோடு லீக்கில் முதலில் வந்த அணிகளுக்குள் சில ஆட்டம், அவ்வளவுதான் செலவு. அதையும் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளாகப் பிரித்தால் பஸ் காசு குறையும். ஓமலூர்க் கல்லூரி ஓசூர் வரை போய் அரை மணி நேரம் ஆடிவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

இதை எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன். பாவம், நல்ல மனிதர். பதினாறு விளையாட்டுக்கு ஒரே ஆள், அதோடு காலையில் கேட்டில் நின்று ஐ.டி. கார்டு பார்ப்பதும் அவர் வேலை. "பி டிவிஷன்னு போட்டா பசங்களோட சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்காதே சார்" என்றார். நியாயமான கேள்வி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, அதை நம்பித்தான் பாதிப் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து வருகிறார்கள். ஆனால் அந்தச் சலுகைக்கு வழி பல்கலைக்கழக அணி, அதற்கு மேலே கிடைக்கும் பதக்கம். முதல் சுற்றில் தோற்ற ஏ டிவிஷன் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பி டிவிஷனில் ஆடுகிற நல்ல ரைடரும் பல்கலைக்கழக செலக்‌ஷனுக்கு வரலாம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். மூன்று ஆட்டம் ஆடியவளைச் செலக்டர் மூன்று முறை பார்ப்பார். இப்போது ஒரு முறைதான் பார்க்கிறார், அதுவும் அவள் வழுக்கி விழும்போது.

என் அக்கா மகன் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இருக்கிறான். இந்தக் கதையை வாட்ஸப்பில் சொன்னபோது அவன் ஒரு விஷயம் சொன்னான். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு 1973லேயே கல்லூரிகளை மூன்று டிவிஷனாகப் பிரித்துவிட்டது. டிவிஷன் ஒன்றில் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது பதினான்கு விளையாட்டுக்காவது அணி வைத்திருக்க வேண்டும், ஸ்காலர்ஷிப் கொடுக்க வேண்டும், ஏகப்பட்ட செலவு. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் கல்லூரிகள் அதிகம் இருப்பது அந்த மூன்றில்தான்! அவன் ஊர்ப் பக்கத்திலேயே ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் என்று ஒன்று. டிவிஷன் ஒன்றில் பல வருடம் தட்டுத் தடுமாறி, 2021 மார்ச்சில் முதன்முறையாக ஆண்கள் கூடைப்பந்தில் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. முதல் ஆட்டத்திலேயே பேய்லர் அணியிடம் தோல்வி, அந்த வருடம் சாம்பியன் ஆனதே பேய்லர்தான். நம் ஆட்களாக இருந்தால் அந்த போட்டோவை ஃபிளெக்ஸ் அடித்து ஐந்து ரோடு சந்திப்பில் வைத்து அட்மிஷன் பிடித்திருப்பார்கள். அவர்கள் இரண்டே மாதத்தில், மே மாதம், டிவிஷன் மூன்றுக்கு இறங்குவது என்று முடிவு எடுத்தார்கள். பழைய மாணவர்களும் ஆடுகிற பிள்ளைகளும் கொதித்தார்கள். கொதிக்கத்தான் செய்வார்கள், நானும் ஆடிய காலத்தில் கொதித்திருப்பேன். ஆனால் வரவு என்ன, செலவு என்ன, நமக்குத் தாங்குமா என்ற கேள்வியை ஒரு நிர்வாகம் வாய்விட்டுக் கேட்டதே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்காக்காரன் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் பல கல்லூரிகளில் விளையாட்டுத் துறையின் நஷ்டம் மாணவர் ஃபீஸில் வந்து விடிகிறது என்று அவனே திட்டினான்.

இங்கேயும் ஃபீஸ் ரசீதில் 'விளையாட்டுக் கட்டணம்' என்று ஒரு வரி வருகிறது. மூன்று செமஸ்டர் ரசீதையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். என் பிள்ளை கொடுத்தது பெரிய தொகை இல்லை, ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கொடுக்கிறார்களே. பெருக்கிப் பாருங்கள். வருடத்துக்கு அந்த வரியில் எவ்வளவு வந்தது, பந்துக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் நன்கொடைத் தாளில் ரோல் நம்பர் கேட்க வேண்டிய அவசியமே வராது. பட்டறையில் நான் ஒரு கிலோ வெள்ளி கொடுத்தால் சேதாரம் போக எவ்வளவு திரும்பி வந்தது என்று மாலையில் எடை போட்டுப் பார்க்கிறேன். இது அதைவிடக் கஷ்டமான கணக்கா?

பணம் வேறு இடத்திலும் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவுப்படி, வருடத்துக்கு ஐந்து கோடியோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டு எல்லாம் இருக்கிறது. கவனியுங்கள், சட்டத்தில் இருக்கிற வார்த்தை 'பயிற்சி'. ஆக, கோச்சுக்குச் சம்பளம் கேட்டுப் போனால் வாங்கிக்கொண்டு வரலாம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் லாபத்தில் ஓடுகிற ஆலைகளுக்கா பஞ்சம்? எம்.பி.க்குத் தொகுதி நிதியாக வருடத்துக்கு ஐந்து கோடி வருகிறது. அரசுக் கல்லூரி என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, நாம் மூன்றில் ஒரு பங்கு புரட்டினால் மீதியை அரசு போடும். அப்புறம், ஊரெல்லாம் முளைத்திருக்கிற டர்ஃப் கிரவுண்டுகளைப் பாருங்கள், நம் பிள்ளைகள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள். கல்லூரி மைதானம் ஆறு மணிக்குப் பூட்டிக் கிடக்கிறது. இரண்டு விளக்கைப் போட்டு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு விட்டால் அணிக்கு முட்டைக் காசாவது தேறும்.

சிந்தடிக் டிராக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 400 மீட்டர் ஓவலுக்கே கிட்டத்தட்ட நாலு ஏக்கர் சமதளம் வேண்டும், போட்டு முடித்த பிறகு பத்து வருடத்துக்குள் மேல்பூச்சு மறுபடி செலவு வைக்கும். மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ அரசு போட்டு எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய சங்கதி அது. கல்லூரிக்குக் கல்லூரி போட்டால் பாதி டிராக்கில் கல்யாணத்துக்கு வந்த கார்தான் நிற்கும். கல்லூரிக்குள் செம்மண் டிராக் போதும், ரோலர் ஓட்டி, தண்ணீர் தெளித்து, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டால்.

நம் ஊரிலேயே பாருங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அவரும் சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. படித்தவர்தான். உயரம் தாண்டுவதற்கு என்ன வேண்டும்? இரண்டு கம்பம், நாலு மீட்டரில் ஒரு குறுக்குக் கம்பு, விழுந்தால் அடிபடாத கனமான மெத்தை, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க ஒருவர். கேலரி இந்தப் பட்டியலில் எங்கேயும் வரவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியா போய் ஒரே பயணத்தில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு வந்தார், பிறகு சொந்த ஊரில் ஏற்படுத்தியது ஒரு மைதானம். ஆடியவருக்குத் தெரிகிறது எது முதலில் வேண்டும் என்று.

கடைசியாக ஏற்காட்டைப் பற்றி. அந்தப் படத்தில் 'ஹை ஆல்டிடியூட் டிரெய்னிங் சென்டர், ஏற்காடு' என்றும் ஒரு வரி இருந்தது. ஏற்காடு 1,515 மீட்டர். உயரத்தில் பயிற்சி எடுத்து ரத்தத்தில் ஏதாவது மாற்றம் வர வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேலே போக வேண்டும் என்கிறார்கள், ஊட்டியாவது 2,240. ஏற்காட்டில் குளுகுளுவென்று ஓடலாம், காபி குடிக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்த மலையிலிருந்து ஒரு பையன் என் மகளின் வகுப்புக்கு வருகிறான். ஐயாயிரம் மீட்டர் ஓடுவான், பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய கால். மாலையில் நாலரைக்குப் பயிற்சி ஆரம்பித்தால் ஐந்து மணிக்கு அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவானாம். பஸ் விட்டால் இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, அதற்கு மேல் கிராமத்துக்கும் அவன் எப்படிப் போவான்? ஹாஸ்டலில் ஒரு கட்டில் கொடுத்தால் அவன் விஷயம் முடிந்தது. ஒரு கட்டில்தான் சார், கேலரியில் ஒரு வரிசை நாற்காலிக்கான காசு கூட ஆகாது.

அந்த நன்கொடைத் தாளை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தொகை எழுத வேண்டிய இடத்தில், அணியில் இருக்கிற பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் கபடி ஷூ வாங்கித் தருகிறேன், சைஸ் மட்டும் சொல்லுங்கள் என்று எழுதினேன். ரோல் நம்பரும் எழுதினேன், பயப்படவில்லை. மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. சைஸை மகளே கேட்டு வாங்கி வந்துவிட்டாள். ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாலிபால் ஆட்டக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.